தெருவின் மட்டமும் வடிகாலின் வழியும்: சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மாமன்ற உறுப்பினர்களே,

இந்த மடலை மேயருக்கோ ஆணையருக்கோ அமைச்சருக்கோ எழுதாமல், இந்நகரத்தின் 200 வார்டுகளுக்கும் பிரதிநிதிகளாகிய உங்களுக்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு தெருவில் பெய்த மழை வடியாமல் மூன்று நாள் நிற்கும்போது, அந்தத் தெருவின் ஜனங்கள் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டு வாசலைத்தான். அவர்கள் கோபத்தை நேருக்கு நேர் ஏற்றுக்கொள்பவர்களும், நள்ளிரவில் மோட்டார் பம்புக்காகத் தொலைபேசியில் மன்றாடுபவர்களும், விடிந்ததும் முழங்கால் நீரில் இறங்கி வீடு வீடாகச் செல்பவர்களும் நீங்கள்தாம். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து நீங்கள் வந்து அமரும் வரையில், ஐந்தாண்டுகளுக்கும் மேலாக இந்நகரத்துக்கு மாமன்றமே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு தெருவின் குறையை உரிமையோடு போய்ச் சொல்ல ஓர் இடமில்லாமல் ஜனங்கள் பட்ட அவதியை நான் அறிவேன். ஆகவே நீங்கள் இருப்பதன் அருமையையும் அறிவேன். அந்த மதிப்போடும், அந்த மதிப்பு தருகிற உரிமையோடும் இதை எழுதுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் விளைவித்த துயரத்தையும் நம்மில் யாரும் மறக்கவில்லை. ஏரிகளின் மதகுகளைப் பற்றியும், கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் முகத்துவாரங்களில் திரளும் மணல்மேடுகளைப் பற்றியும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிப்போனதைப் பற்றியும் அறிந்தவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். 2021 நவம்பர் மழைக்குப் பின்னர் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசாங்கம் ஒரு குழுவையும் அமைத்தது. அவையெல்லாம் மிக அவசியமான காரியங்கள். ஆனால் அவை உங்கள் கைக்கு எட்டாத தூரத்தில் நடப்பவை. மதகைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் உங்களை யாரும் கேட்பதில்லை. நான் இங்கே பேச விரும்புவது உங்கள் கைக்கு எட்டுகிற ஒன்றைப் பற்றி: பெருவெள்ளம் வராத ஆண்டுகளிலும், ஒரே ஒரு மாலை மழைக்கும், குளமாகிப் போகிற உட்புறத் தெருவைப் பற்றி.

இந்நகரத்தில் பேருந்து ஓடும் சாலைகளின் நீளம் 400 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. உட்புறத் தெருக்களின் நீளமோ 5,000 கிலோமீட்டருக்கும் அதிகம். பெரிய சாலைகளின் வழியாக அமைச்சர்களும் அதிகாரிகளும் போகிறார்கள். அங்கே ஒரு பள்ளம் விழுந்தால் மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. உட்புறத் தெருவின் பள்ளத்துக்குச் சாட்சி அங்கே குடியிருப்பவர்கள் மட்டுமே. பள்ளிக்குச் செல்லும் குழந்தையும், அதிகாலையில் பால் பையுடன் வரும் சைக்கிள்காரரும், டயாலிசிஸுக்குப் போகவேண்டிய முதியவரை ஏற்றிக்கொள்ள வந்து தெருமுனையிலேயே நின்றுவிடுகிற ஆட்டோக்காரரும்தான். அந்தச் சாட்சிகளுக்காக மன்றத்தில் எழுந்து பேசக்கூடியவர் உங்களையன்றி வேறொருவர் இல்லை.

முதலில் தெருவின் மட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஏனெனில் மற்ற தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கேயே பிறக்கின்றன.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம், பெரம்பூர், ராயபுரம் முதலிய பழைய பகுதிகளில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் மூன்று படி ஏறித் திண்ணையை அடைந்த வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிச் செல்கிறார்கள். வீடு இறங்கவில்லை, தெருதான் ஏறியது. பழைய தாரின் மேல் புதிய தார், அதன் மேல் இன்னொரு தார் என்று, ஒவ்வொரு முறையும் ஒன்றரை அங்குலமாக, யாருடைய கண்ணிலும் படாமல் அது வளர்ந்துவிட்டது. நான்கு முறை இப்படிப் போட்டால் அரையடி உயர்ந்துவிடும் என்பதற்குக் கணித ஞானம் தேவையில்லை. அந்த அரையடிதான், மழை பெய்கிற இரவில், வீட்டுக்கூடத்தில் படுத்திருக்கும் ஒரு மூதாட்டியின் பாய்க்குக் கீழே தண்ணீராக வந்து சேர்கிறது. வசதியுள்ளவர் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டிக்கொள்கிறார். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி நிறுத்தும் வேலையும் இந்நகரத்தில் தாராளமாக நடக்கிறது. வசதியற்றவர் வாசலில் ஒரு செங்கல் வரிசையைக் கட்டிக்கொண்டு, மழைக்காலம் முழுவதும் பயந்து கிடக்கிறார். ஒரு பொது நிர்வாகம் செய்கிற வேலையால் ஏழையின் வீடு ஆண்டுக்காண்டு தாழ்ந்து போகிறதென்றால், அதைவிடப் பெரிய அநியாயம் நகர வாழ்க்கையில் வேறு என்ன இருக்க முடியும்?

இதற்குப் பரிகாரம் தெரியாமல் இல்லை. பழைய தாரைச் சுரண்டியெடுத்துவிட்டு, அதே அளவுக்குப் புதிய தாரைப் போடவேண்டும்; சாலை வேலை செய்பவர்கள் மில்லிங் என்று சொல்கிற காரியம் அதுதான். 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, மேற்பரப்பைச் சுரண்டாமல் சாலைகளைப் புதுப்பிக்கக் கூடாது என்று எழுத்து மூலமாகவே அறிவுறுத்தினார்; அன்று ஜனங்கள் அடைந்த ஆறுதல் சிறிதல்ல. விசாலமான சாலைகளில் அந்தக் காரியம் பெரும்பாலும் நடக்கிறது. குறுகிய தெருக்களிலோ, பெரிய இயந்திரம் நுழையாது என்றும், வாகனங்கள் நிற்கின்றன என்றும், நேரமில்லை என்றும் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. சிறிய இயந்திரமும் உண்டு, கடப்பாரையும் உண்டு, மனம்தான் வேண்டும். சுரண்டுகிற இடங்களிலும் எத்தனை அங்குலம் சுரண்டினார்கள், எத்தனை அங்குலம் போட்டார்கள் என்பதை ஒப்பந்தக்காரரையும் பொறியாளரையும் தவிர மூன்றாமவர் ஒருவர் அளந்து பார்த்ததுண்டா என்று உங்களைக் கேட்கிறேன்.

மட்டத்தோடு சேர்ந்தது சரிவு. தெரு நடுவில் சற்றே உயர்ந்து, இரு ஓரங்களுக்கும் சரிந்திருக்க வேண்டும். இருபதடி அகலமுள்ள தெருவில் நடுவிலிருந்து ஓரம் வரையுள்ள பத்தடிக்கு, நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கில், அந்தச் சரிவு இரண்டரை அங்குலத்துக்கும் குறைவே. இவ்வளவு நுட்பமான சரிவைக் காப்பாற்றிக்கொண்டு தார் போடுவது சிரத்தையுள்ள வேலை. இருட்டில் அவசரமாக ரோலரை இரண்டு தடவை ஓட்டிவிட்டுப் போகிறவர்களால் அது ஆகாது. ஓரத்தில் ஓர் அங்குலம் ஏறிவிட்டால் போதும், வடிகாலின் வாய்க்குப் போகவேண்டிய நீர் தெருவின் நடுவிலேயே தங்கிவிடும். தார்ச்சாலைக்குத் தண்ணீரைப்போலக் கொடிய பகை வேறில்லை. தேங்கிய நீர் ஜல்லிக்கும் தாருக்கும் இடையே இறங்கிப் பிடிப்பைத் தளர்த்த, வண்டிச் சக்கரம் அதன்மேல் ஏறி இறங்க, ஒரு மழைக்காலத்துக்குள் அந்தத் தெரு குண்டும் குழியுமாகிறது. மறுபடியும் டெண்டர், மறுபடியும் தார், மறுபடியும் ஓர் ஏற்றம். இந்த வட்டத்தை எங்கேயாவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

தெருவை வெட்டுகிறவர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கே அது தீராத தலைவலி. குடிநீர்க் குழாய்க்கு ஒரு முறையும், மின்சாரக் கேபிளுக்கு ஒரு முறையும், இணையக் கம்பிக்கு ஒரு முறையும் ஒரே தெரு வெட்டுப்படுகிறது. ஒவ்வொருவரும் சாலையைச் சரிசெய்வதற்கான கட்டணத்தைச் செலுத்திவிடுகிறார்கள். சரிசெய்யும் நாள் மட்டும் தெருவாசிகளுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி, கெட்டிப்படுத்தாமல் மேலே கொஞ்சம் ஜல்லியைக் கொட்டினால் முதல் மழையிலேயே அது உள்வாங்கிவிடும் என்பது எல்லோரும் அறிந்ததே. மழைக்காலம் நெருங்கும்போது சாலை வெட்டுவதற்குத் தடை விதிப்பது நல்ல வழக்கம். அந்தத் தடைக்கு முன்னதாக வெட்டியவை அனைத்தும் முறையாக மூடப்பட்டுவிட்டனவா என்று ஒரு கணக்கு எடுப்பதும் அதே அளவுக்கு நல்ல வழக்கமாகும். அந்தக் கணக்கை நீங்கள் கேட்டு வாங்கவேண்டும்.

இனி வடிகாலுக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று யோசிக்குமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

ஆறு மீட்டர் அகலமும் 200 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சாதாரணத் தெருவில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால், சாலையின் மேல் மட்டும் 60,000 லிட்டர் நீர் விழுகிறது. இருபுறமும் இருபது மீட்டர் ஆழத்துக்கு வீடுகளும் முற்றங்களும் உள்ளனவென்றால், அவற்றின் மேல் இன்னும் நாலு லட்சம் லிட்டர். முன்பு அதில் ஒரு பகுதியையாவது மண் குடித்தது. இன்று வாசல் முழுவதும் சிமெண்டுத் தளமானதால், மழைநீர் சேகரிப்புத் தொட்டியைப் பராமரிக்கும் சில வீடுகளைத் தவிர மற்றவை அனைத்தும் தம் நீரைத் தெருவிலே தள்ளிவிடுகின்றன. கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஏழு மீட்டர்கூட உயரமில்லாத இந்தச் சமதள நகரத்தில், அந்த நீர் தானாக ஓடிப்போகும் என்று நம்புவதற்கு இடமில்லை. அது போவதற்கு வழி வேண்டும். அந்த வழி தொடக்கத்திலிருந்து முடிவு வரை அறுபடாமல் இருக்க வேண்டும். முடிவில் அதை ஏற்றுக்கொள்ள ஒரு கால்வாயோ ஆறோ இருக்க வேண்டும். ஆண்டில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. எனவே வடிகாலுக்கு ஆண்டில் மூன்றே மாதம்தான் பரீட்சை. மற்ற ஒன்பது மாதமும் அதை ஆயத்தம் செய்வதற்கென்றே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

தியாகராய நகரை நினைத்துப் பாருங்கள். உங்கள் மன்றத்துக்கே தலைமை வகித்த பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய அந்த நகர், 1920-களில் ஒரு நீண்ட ஏரியின் படுகையிலே எழுந்தது. ஏரி போயிற்று, ஆனால் அந்தத் தாழ்வான நிலத்தைத் தேடி வருகிற நீருக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. இன்றும் மழை பெய்தால் நீர் அங்கேதான் வந்து கூடுகிறது. கூடிய நீர் மாம்பலம் கால்வாய் வழியே நந்தனம் தாண்டி அடையாற்றை அடைந்தாக வேண்டும். அந்தக் கால்வாயில் எங்கோ ஓரிடத்தில் கட்டடக் கழிவு கொட்டப்பட்டால், அதற்கு ஒரு மைல் அப்பாலுள்ள தெருவில், புத்தம் புதிய வடிகால் இருந்தும், தண்ணீர் நிற்கும். உங்கள் வார்டின் வடிகால் பெரும்பாலும் உங்கள் வார்டில் முடிவதில்லை என்பதை இது உணர்த்தவில்லையா? அடுத்த வார்டு உறுப்பினர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவரானாலும், அவரோடு சேர்ந்து நடந்து அந்த நீரின் முடிவைக் கண்டுபிடிக்கிற கடமை உங்களுக்கு இருக்கிறது. மழைநீர் வார்டு எல்லையையும் பார்ப்பதில்லை, கட்சிக் கொடியையும் பார்ப்பதில்லை.

வடிகால் கட்டுவதற்கு இந்தப் பத்தாண்டுகளில் பணம் வராமல் இல்லை. அடையாறு, கூவம் வடிநிலங்களில் உலக வங்கியின் உதவியும், கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியும், கோவளம் வடிநிலத்தில் ஜெர்மனியின் வளர்ச்சி வங்கி தந்த உதவியும் கொண்டு பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு வடிகால்கள் எழும்பியிருக்கின்றன. அதனால் பல இடங்களில் நன்மை விளைந்திருக்கிறது. அதை மறுப்பது நன்றியன்று. ஆனால் கட்டுவதற்குக் கிடைக்கிற கௌரவம் காப்பதற்குக் கிடைப்பதில்லை என்பதே என் மனக்குறை. கட்டுமானத்துக்குப் பூமி பூஜை உண்டு, கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு. மூன்றாம் ஆண்டிலே, அடைத்துக்கொண்ட ஒரு வண்டல் தொட்டியைத் திறந்து சுத்தம் செய்த நாளுக்கு விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆயினும் அந்த நாள்தான் தெருவைக் காப்பாற்றுகிறது.

தூர்வாரும் வேலையை அருகே நின்று பாருங்கள். வடிகாலின் மேலுள்ள சிமெண்டு மூடியை இருவர் கடப்பாரையால் நெம்பி எடுக்கிறார்கள். உள்ளேயிருந்து கறுத்த வண்டல், பிளாஸ்டிக் பை, இளநீர் மட்டை, உடைந்த ஓடு, வீடு கட்டியவர் கொட்டிய சிமெண்டுக் கட்டி எல்லாம் வெளியே வருகின்றன. அவற்றை அந்த மூடியின் பக்கத்திலேயே குவித்துவிட்டு அடுத்த மூடிக்குப் போகிறார்கள். ஈரமாக இருக்கும் கசட்டை உடனே அள்ளினால் லாரியெல்லாம் சொட்டும். ஆகவே சற்று உலரட்டும் என்று விடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலர்ந்த பிறகு அள்ள வரவேண்டிய வண்டி வேறொரு ஒப்பந்தத்தைச் சேர்ந்தது. அது வருவதற்குள் ஒரு மழை பெய்துவிடுகிறது. எடுத்த கசடு எடுத்த இடத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது. அளவுப் புத்தகத்தில் அந்த வேலை முடிந்ததாக ஏறிவிடுகிறது. பணமும் பட்டுவாடா ஆகிவிடுகிறது. இதில் தொழிலாளரின் தவறு சிறிதும் இல்லை. எடுப்பதையும் அள்ளுவதையும் இரண்டாகப் பிரித்து வைத்த ஏற்பாட்டின் தவறு இது; அந்த ஏற்பாட்டை மாற்றும்படி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரக்கூடியவர்கள் நீங்கள்.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும். வடிகாலின் ஓரத்தில், சாலை நீர் உள்ளே இறங்குவதற்கென்று வைத்த துவாரங்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன? வடிகாலைச் சாலையைவிட உயரமாகக் கட்டி, அதன் மேல்தளத்தை நடைபாதையாக்கிய பல இடங்களில், துவாரத்தின் வாய் சாலை மட்டத்துக்கு மேலே நிற்கிறது. தண்ணீர் அந்த உயரத்துக்குத் தேங்கினால்தான் உள்ளே நுழைய முடியும். வேறு சில இடங்களில் தார் போடும்போது துவாரத்தின் பாதி மூடிப்போயிற்று. ஒரு வாளித் தண்ணீரை ஓரத்தில் ஊற்றிப் பார்த்தாலே பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடுகிற இந்தக் குறையை, லட்சக்கணக்கில் செலவழித்து வேலை முடிந்ததாகச் சான்றளிக்கும் நாளில் சோதித்துப் பார்க்காமல் விடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

அடுத்து நான் சொல்லப்போவது உயிர்களைப் பற்றியது. மழைநீர் வடிகால் மாநகராட்சியைச் சேர்ந்தது. கழிவுநீர்க் குழாய் 1978-இல் ஏற்பட்ட குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே தெருவில் அருகருகே போகின்றன. கழிவுநீர் இணைப்புக்குக் காத்திருக்க மனமில்லாமலோ, பழைய குழாய் அடைத்துக்கொண்டதாலோ, வீடுகளும் கடைகளும் அடுக்குமாடிகளும் தங்கள் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விட்டுவிடுகின்றன. அதன் பயனாக, கோடையிலும் வறண்டிருக்க வேண்டிய வடிகாலில் ஆண்டு முழுவதும் சாக்கடை நின்று, கொசு பெருகி, கூவமும் பக்கிங்ஹாம் கால்வாயும் நாறுகின்றன. அதைவிடக் கொடியது, சாதாரண மண் என்று நினைத்து வடிகாலில் இறங்குகிற தொழிலாளி நச்சுவாயுவில் இறங்குகிறார் என்பது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. கழிவுநீர்ப் பாதையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தொகை உயர்ந்ததால் ஒரு தாய்க்கு மகன் திரும்பி வந்துவிடமாட்டான். உங்கள் வார்டில் எந்தத் தொழிலாளியும் இயந்திரமும் பாதுகாப்புச் சாதனமும் இல்லாமல் குழியில் இறங்கக்கூடாது என்று நீங்கள் ஒரே ஒரு முறை அந்த இடத்தில் நின்று தடுத்துவிட்டால், அந்தச் செய்தி எல்லா ஒப்பந்தக்காரருக்கும் போய்ச் சேரும். 2022 அக்டோபரில் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் மாண்டதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தடுப்பும் விளக்கும் வைக்காத பள்ளம் எதுவானாலும், அது ஒரு வேலைத்தலம் என்ற பெயருக்கே உரியதன்று.

தெருவாசிகளின் பங்கைச் சொல்லாமல் உங்களை மட்டும் குறைகூறுவது தர்மமாகாது. காரை ஏற்றுவதற்காக வீட்டு வாசலிலிருந்து சாலைக்குள் இரண்டடி நீட்டிச் சிமெண்டுச் சாய்தளம் போட்டு, நீர் ஓடும் ஓரத்தையே அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். துர்நாற்றம் வருகிறதென்று துவாரத்தில் சாக்கைத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளம் வந்ததும் கழிவுநீர்க் குழாயின் ஆளிறங்கு குழி மூடியைத் திறந்துவிட்டு, தெரு நீரை அதற்குள் வடியவைத்து, தாழ்வான வீடுகளின் கழிவறை வழியாகச் சாக்கடை பொங்கக் காரணமாகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களெல்லாம் உங்கள் வாக்காளர்கள். ஆகவே கண்டித்துப் பேச நீங்கள் தயங்குகிறீர்கள். தயங்கவேண்டாம். ஒரு சாய்தளத்தை நீங்கள் அகற்றினால் ஒருவர் கோபித்துக்கொள்வார்; அதன் மேட்டுப்புறத்திலுள்ள பத்து வீட்டார் உங்களை நினைத்துக்கொள்வார்கள்.

உங்கள் பதிலையும் நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. நிதி எங்கள் கையில் இல்லை, டெண்டர் எங்கள் கையில் இல்லை, பொறியாளர்கள் எங்களுக்குக் கட்டுப்பட்டவர்களல்லர், 1913 என்ற தொலைபேசி எண்ணுக்கு ஜனங்கள் கொடுக்கிற புகார்கூட எங்களைத் தாண்டியே போகிறது என்பீர்கள். இதில் உண்மை இருக்கிறது. எனினும் அதிகாரத்தின் எல்லைக்குள் நின்றுகொண்டே பெரிய காரியம் செய்தவர்கள் உங்கள் மன்றத்தில் இருந்திருக்கிறார்கள். 1939-இல் மேயரான சத்தியமூர்த்தி ஓராண்டுக் காலமே அந்தப் பதவியில் இருந்தார். அந்நிய ஆட்சியும் உலக யுத்தமும் குறுக்கே நின்றபோதிலும், நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பரிகாரமாகப் பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டுமென்று விடாமல் போராடி வேலையைத் தொடங்கவைத்தார். 1944-இல் அந்த நீர்த்தேக்கம் நிறைவெய்தியபோது அதைக் காண அவர் உயிரோடு இல்லை. ஆனாலும் இந்நகரம் இன்றுவரை அந்த நீரைக் குடிக்கிறது. நான் உங்களிடம் நீர்த்தேக்கம் கேட்கவில்லை. 1688-இல் தோன்றி, இந்தியாவிலேயே மிகத் தொன்மையானதென்று போற்றப்படும் இந்த மாநகராட்சியின் உறுப்பினர்களிடம் நான் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகம்.

அதற்கு வேண்டிய அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் பெரிய நகரங்களில் வார்டுக் குழுக்கள் இருக்கவேண்டும் என்றது. நம் மாநிலத்தில் 2022 நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. கிராமத்து ஜனங்களுக்குக் கிராம சபை எப்படியோ, அப்படியே நகரத்தாருக்கு இந்தச் சபை. அங்கே மனுக்களை வாங்கி ஒரு கோப்பில் போட்டுவிட்டுக் கலைந்துவிடாமல், ஒரு கணக்கை வாசிக்கும் இடமாக அதை ஆக்குங்கள் என்பதே என் விண்ணப்பம்.

உங்கள் வார்டில் உள்ள ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு தெருப் பதிவேடு வையுங்கள். தார் போட்ட தேதி, சுரண்டிய ஆழம், போட்ட கனம், ஒப்பந்தக்காரர் எத்தனை காலத்துக்கு அந்தச் சாலைக்குப் பொறுப்பு என்ற விவரம் ஆகியவற்றை அதில் எழுதச் செய்யுங்கள். தெரு வெட்டப்பட்டால் வெட்டியது எந்தத் துறை, மூடியது எந்த நாள் என்று குறியுங்கள். வடிகாலில் தூர் எடுத்த தேதியையும், கசடு அள்ளிச் செல்லப்பட்ட தேதியையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே எத்தனை நாள் போயிற்று என்பது அப்போது தானே வெளிப்படும். தெருவின் நீர் எந்த வழியாகப் போய் எந்தக் கால்வாயில் சேர்கிறது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாத தெருவில் வடிகால் இருந்தும் இல்லாததற்குச் சமானம். பணி முடிந்தது என்று சான்றளிப்பதற்கு முன் ஒரு லாரித் தண்ணீரைத் தெருவில் விட்டுப் பார்த்து, உதவிப் பொறியாளர் கையெழுத்தோடு, அங்கே குடியிருப்பவர் இருவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். அந்த இருவரில் ஒருவராவது தெருவின் மிகத் தாழ்ந்த வீட்டில் வசிப்பவராக இருக்கட்டும்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முடிவதற்குள் அந்தப் பதிவேட்டைப் பகுதி சபையில் உரக்க வாசியுங்கள். வாசிக்கும்போது காலியாக இருக்கும் கட்டங்கள் ஜனங்களின் காதில் விழும். விழுந்த பின்பு அவற்றை நிரப்பும் பொறுப்பை அதிகாரிகள் தட்டிக்கழிக்க முடியாது. இதற்குப் புதிய நிதி வேண்டாம், புதிய சட்டம் வேண்டாம், மேலிடத்து அனுமதியும் வேண்டாம். உங்கள் வார்டின் எல்லாத் தெருக்களையும் ஒரே ஆண்டில் முடிக்க இயலாதென்றால், முதலாண்டில் பத்துத் தெருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மழைக்கும் முதலில் நீர் ஏறி, கடைசியாக வடிகிற தெரு எது என்பதை உங்கள் வார்டில் எல்லோரும் அறிவார்கள். முதல் பக்கத்தை அந்தத் தெருவுக்கு எழுதுமாறு உங்கள் ஒவ்வொருவரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நன்மையையும் இந்நகரத்தின் நன்மையையும் விரும்பும்
ஒரு சென்னைவாசி